ரெண்டும் நல்லாத்தான் இருக்கு

புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்பவர் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால், அது "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பதுதான். எங்கள் காம்பவுண்டின் பின்கட்டில் குடியிருந்த மாமா அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே பனகல் பூங்காவுக்குப் பக்கத்து ஜவுளிக் கடை ஒன்றில் வருஷக்கணக்காக வேலை பார்த்தார்.

சொந்த மாமா இல்லை. காம்பவுண்டில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் மனைவி எல்லாருக்கும் அத்தை. இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம், பிள்ளைகள் இல்லை. கடை முதலாளியும் அதே பக்கத்து ஆள் என்பதால்தான் மாமாவின் வேலை தப்பித்திருக்கிறது என்று அத்தை சொல்வாள்.

ஒருமுறை அம்மாவோடு அந்தக் கடைக்குப் போயிருந்தேன். பட்டுப் பிரிவில் வெள்ளை விரிப்பின் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பெண், கூட அவள் மாமியார். மாம்பழ நிறத்தில் ஒன்று, அரக்கில் ஒன்று, இரண்டையும் விரித்துப் போட்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க, இதுல எதை எடுக்கலாம்?"

மாமா தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்மா."

"விக்கிறவர் நீங்க. ஒண்ணைச் சொன்னாத்தானே வாங்க முடியும்?"

"கட்டிக்கிடப் போறது நீங்கள்லா?"

அடுத்த விரிப்பில் இருந்த இளைஞன் எட்டிப் பார்த்து, "மேடம், உங்க நிறத்துக்கு அந்த அரக்குதான் எடுக்கும், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றான். அவள் அரக்கை எடுத்துக்கொண்டு போனாள். மாமாவுக்கு வருத்தம் இல்லை. மாம்பழ நிறத்தை இழுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் ஒரு நீவு நீவி மடித்து வைத்தார். கடையில் இருக்கிற புடவை மொத்தத்தையும் விரிக்கச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார். அதற்காகவே அவரைத் தேடி வந்து உட்காரும் பெண்களும் இருந்தார்கள்.

ஹோட்டலில் சர்வர் வந்து இட்லி, பொங்கல், பூரி என்று ஒப்பித்து முடித்தால், மாமா பக்கத்து மேஜையைக் காட்டுவார். "அவரு என்ன சாப்பிடுதாரோ அதையே குடுங்க." அந்த ஆள் யாரென்று மாமாவுக்குத் தெரியாது.

நான் அப்போது லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, லஸ் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எதையும் வரிசையாகப் பிரித்துப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். இந்தப் பழக்கம் மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று. "படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா. குடை வாங்கவா, மழைக்கோட்டு வாங்கவா?" என்று வாசலில் நிறுத்திக் கேட்பார். குடையின் சாதகம் இவை, பாதகம் இவை, கோட்டுக்கு இவை என்று நான் பிரித்துச் சொல்வேன். ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொள்வார். கடைசியில், "ரெண்டும் சரியாத்தான் படுது" என்று சொல்லிவிட்டு, அந்த ஐப்பசி முழுக்க நனைந்துகொண்டே பஸ்ஸுக்குப் போனார்.

வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அத்தைதான். என்ன குழம்பு, எந்தச் சீட்டு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது, அவர் எந்தச் சட்டை போடுவது. "இவுகளைக் கேட்டா விடிஞ்சிரும்" என்பாள். அதில் குறை இருந்த மாதிரியும் இருக்கும், பெருமை இருந்த மாதிரியும் இருக்கும்.

நாய் வந்தது ஒன்றுதான் அத்தையைக் கேட்காமல் நடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது அது. சாந்தோம் கடற்கரையில் ஒரு குட்டி மாமாவின் பின்னாலேயே வந்ததாம். "விரட்டவா, கூட்டிட்டு வரவான்னு யோசிச்சிக்கிட்டே நடந்தேன். வீடு வந்துட்டுது" என்றார்.

அத்தை குட்டியைக் குனிந்து பார்த்தாள். "அது தீர்மானம் பண்ணிட்டுது. நீங்க நின்னு யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் பால் எடுக்கப் போனாள்.

செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். அத்தை அதற்கு மணி என்று பெயர் வைத்தாள். என் தம்பி டைகர் என்றான். எதை வைப்பது என்று மாமாவிடம் கேட்டதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாய் இரண்டு பெயருக்கும் வாலை ஆட்டப் பழகிக்கொண்டது. மாமா அதை "ஏ" என்று மட்டும் கூப்பிடுவார்.

எங்கள் தெரு போய்ச் சேர்வது கச்சேரி ரோட்டில். முனையில் நின்றால் இடது கைப் பக்கம் கபாலி கோயில் குளம், வலது கைப் பக்கம் சாந்தோம், கடல். கடை விடுமுறை நாட்களிலும் சீக்கிரம் வந்த நாட்களிலும் மாமா நாயை அழைத்துக்கொண்டு நடக்கப் போவார். முனைக்கு வந்ததும் நின்றுவிடுவார். சங்கிலியைத் தளர்த்தி விடுவார். நாய் மூக்கைத் தூக்கி இரண்டு பக்கமும் மோந்து பார்க்கும். அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் அவரும் போவார். பெரும்பாலும் வலது பக்கம்தான் திரும்பும். அங்கே மீன் வாடை உண்டு.

"மாமா, நாய் உங்களைக் கூட்டிட்டுப் போகுதா, நீங்க நாயைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அதுக்குத் தெரியுதும்மா, எங்க போகணும்னு" என்றார். கேலியை அவர் கேலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்ததாக எனக்குப் பட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த நாயின் முகம் நரைத்திருந்தது. அப்புறம் பின்னங்கால்கள் இழுக்க ஆரம்பித்தன. சாப்பாடு குறைந்து, தண்ணீர் மட்டும் குடித்துக் குடித்து, குடித்ததை வாந்தி எடுத்தது. மாமா அதை அடையாறு காந்தி நகரில் வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் ரத்தம் எடுத்து, சின்னக் குப்பியில் ஊற்றி மாமாவிடமே கொடுத்து, பரிசோதித்து வரச் சொல்லியிருந்தார். குப்பி என்னிடம் வந்தது.

எங்கள் கூடத்துக்கு நாய் ரத்தம் வந்தது அதுதான் முதல் தடவை. கூடத்தை நடத்தும் பெரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ரத்தத்தில் யூரியா அளவு பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் நிறம் ஏறிய விதம் பிடிக்கவில்லை. கரைசலைப் புதிதாகத் தயாரித்து மறுபடி பார்த்தேன். அதே நிறம்தான்.

சாயங்காலம் மாமா பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். நாய் அவர் காலடியில் ஒரு கோணி மேல் படுத்திருந்தது.

"ரொம்ப ஜாஸ்தியா இருக்கு மாமா. சிறுநீரகம் வேலை செய்யலை."

"மருந்து?"

"டாக்டர்தான் சொல்லணும். ஆனா இந்த அளவுக்கு ஏறின பிறகு இறங்கி நான் பார்த்ததில்லை."

காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருப்பதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என்னம்மா செய்யலாம்?"

ரிசல்ட்டை மட்டும் எழுத வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே கொஞ்சம் மீறியிருந்தேன்; அதோடு நிறுத்திக்கொண்டேன். "டாக்டரைக் கேளுங்க மாமா" என்றேன். என் பங்குக்கு நானும் மாமாவைப் போலவே விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். ஒன்று, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். போகிற வரைக்கும் கஷ்டப்பட்டுத்தான் போகும். இல்லாவிட்டால் ஒரு ஊசியில் முடித்துவிடலாம், வலி தெரியாது. எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

மாமா நேராக அத்தையிடம் வந்தார். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். நானும் அம்மாவும் கை பம்பு அருகே குடத்தோடு நின்றிருந்தோம்.

"டாக்டர் இப்பிடிச் சொல்லுதாரு. என்ன செய்வோம்?"

அத்தை களைந்த தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி தண்ணீர் விட்டாள். "இது ஒண்ணை மட்டும் எங்கிட்டக் கேக்காதிய. நான் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாம..."

"நீங்க சொல்லுங்க. என்ன சொன்னாலும் சரி."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு போய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நாள் பம்படியில் அத்தை தனியாக இருந்தபோது நான் கேட்டேன். "எல்லாத்தையும் நீங்கதானே சொல்றீங்க அத்தை. இதையும் சொல்லிட்டா அவருக்குப் பாரம் குறையும்ல?"

"அதனாலதான் சொல்ல மாட்டேங்கேன்." பம்பு அடிப்பதை நிறுத்தினாள். "எங்க மாமியா ஆஸ்பத்திரியில கெடந்தாக. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு டாக்டர் சொன்னாரு. இவுகளைக் கேட்டா, இருந்தாலும் சரிங்காக, கூட்டிட்டுப் போனாலும் சரிங்காக. நான்தான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம், இங்க கெடந்து ஏன் நாறணும்னேன். வந்த மறுநாளே போயிட்டாக."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அத்தை? முடியாமத்தானே இருந்தாங்க."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். இவுக இன்னைக்கு வரைக்கும் என்னைய ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லா ஒரு சண்டை போட்டு முடிச்சிருப்பேன். கேக்கவே இல்ல. அது அப்பிடியே உள்ள கெடக்கு." மறுபடி பம்பை அடித்தாள். "இன்னொண்ணையும் சேத்து நான் சுமக்க முடியாதும்மா."

மாமா தனியாகவே ஒரு ரிக்‌ஷா வைத்துக்கொண்டு நாயோடு அடையாறு போனார். காம்பவுண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானம் நாயோடு திரும்பி வந்தார்.

"என்னாச்சு மாமா?"

"என்ன செய்யலாம்னு டாக்டரைக் கேட்டேன். உங்க நாய், நீங்கதான் சொல்லணும்னாரு. ரெண்டுமே சரியாத்தான் படுது டாக்டர்னேன். வந்துட்டேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் நாய் படுத்த இடத்திலேயே எல்லாம் போயிற்று. மாமா கடைக்கு லீவு போட்டுவிட்டுத் துடைத்து, கோணியை மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதிரி மெல்லிய, இழுத்த சத்தம் அதனிடமிருந்து வந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா பின்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். வீட்டுக்காரர் வந்து, "இன்னும் எத்தனை நாளைக்கு சார் இப்படியே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா அவருக்கும் "பாக்கேன் சார்" என்றுதான் சொன்னார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவரைப் பார்த்து யாருக்கும் கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. "அதுக்கு வலிக்குது மாமா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது.

"தெரியுதும்மா" என்றார், நிமிராமல். "தெரியாமலா உக்காந்திருக்கேன்?"

ஆனால் சாயங்கால நடை நிற்கவில்லை. ஒரு பழைய பூந்துண்டை விரித்து, நாயை அதில் வைத்து, குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போவார். கச்சேரி ரோட்டு முனையில் நிற்பார். தளர்த்த சங்கிலி இல்லை. அதற்குப் பதிலாகக் கைகளைக் கொஞ்சம் தாழ்த்துவார். நாய் மூக்கை லேசாகத் திருப்பும். அந்தப் பக்கம் போய்விட்டு வருவார். தெருவில் போகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்குவார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். முனையில் அவர் நாயோடு நின்றிருந்தார். எதிர்ப்புறம் இருந்த காய்கறி வண்டியில் அம்மா சொன்னவற்றை வாங்கத் தொடங்கினேன்: கத்தரிக்காய், கொத்தமல்லி, எலுமிச்சம்பழம். வாங்கி முடித்துத் திரும்பியபோதும் அவர் அங்கேயே நின்றிருந்தார். ஒரு பஸ் போயிற்று. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கும்பலாகப் போனார்கள். கையைத் தாழ்த்திப் பிடித்தபடியே அவர் காத்திருந்தார். நாய் குளத்துப் பக்கமும் பார்க்கவில்லை, கடல் பக்கமும் பார்க்கவில்லை. முகத்தை அவர் கக்கத்துக்குள் நுழைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

நான் சாலையைக் கடந்து கிட்டே போனேன். "மாமா?"

"எந்தப் பக்கமும் பாக்க மாட்டேங்குதும்மா" என்றார்.

கொஞ்சம் பொறுத்து, துண்டின் ஓரத்தை இழுத்து நாயின் தலையை மூடினார். வந்த வழியே திரும்பி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். வாசலில் நின்ற அத்தையிடம், "நாளைக்குக் காலையில போறேன்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் அத்தை எங்கள் வாசலுக்கு வந்தாள். "நீ கூடப் போயிட்டு வாம்மா. நான் வரல. தனியாப் போனா கேட் வரைக்கும் போய்த் திரும்பினாலும் திரும்பிருவாக." நாய்க்குத் தயிர்சாதம் பிசைந்து ஊட்டிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. விரலில் சாதம் காய்ந்திருந்தது.

போன தடவை வந்த அதே ரிக்‌ஷாக்காரர்தான் வந்தார். மாமா ஏறி உட்கார்ந்ததும் ரிக்‌ஷாக்காரர் அவர் மடியில் இருந்ததை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், அன்னிக்கு இட்னு போய் இட்னு வந்தியே, அதே நாயா? இன்னிக்கும் ரிட்டன் கீதா?"

நான் ஏறி மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாங்க ரெண்டு பேரு மட்டும் திரும்புவோம்பா" என்றார் மாமா.

ரிக்‌ஷாக்காரர் தெரு முனை வரை மெதுவாக மிதித்தார். கச்சேரி ரோட்டில் ஒரு காலை ஊன்றி நிறுத்தினார். அடையாறுக்கு இரண்டு வழியாகவும் போகலாம். குளத்தைச் சுற்றி மந்தைவெளி வழியாகப் போனால் நிழல் உண்டு. கடற்கரை வழியாகப் போனால் வெயில்.

"எந்தப் பக்கமா வுடட்டும் சார்?"

நான் மாமாவைப் பார்க்கவில்லை. நாய் துண்டுக்குள் அசையவில்லை.

"வலது பக்கம்" என்றார் மாமா. "சாந்தோம் வழியாப் போப்பா."

யோசிக்கவே இல்லை. பட்டினப்பாக்கம் வந்தபோது, "கொஞ்சம் மெள்ளப் போ" என்றார். கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன, மீன் வாடை காற்றில் தூக்கலாக இருந்தது. மாமா துண்டை விலக்கி விட்டார். நாயின் கண் திறக்கவில்லை. மூக்கு மட்டும் ஈரமில்லாமல் காய்ந்துபோய், ஒரு தடவை அசைந்தது. இன்னொரு தடவையும் அசைந்தது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு நீள மேஜை இருந்தது. டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. "பேரு என்ன?" என்றார் நாயைத் தடவியபடி.

"ரெண்டு பேரு இருக்கு டாக்டர்."

டாக்டர் அவரை ஒரு முறை பார்த்தார். போன தடவை நடந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊசியைக் கையில் எடுக்காமல், "நல்லா யோசிச்சுட்டீங்களா? வீட்டுல எல்லாரும் என்ன சொல்றாங்க?" என்றார்.

"வீட்டுல யாரும் சொல்லல. நான்தான் சொல்லுதேன்." புரியாமல் போய்விடக் கூடாது என்பதுபோல இன்னொரு தரம் சொன்னார். "என் வீட்டுக்காரி சொல்லல டாக்டர். நான்தான்."

டாக்டர் ஊசியை நிரப்பினார். மாமா நாயின் மடங்கிய காதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஏ" என்றார். அப்புறம் மறுபடி, "ஏ." வால் மேஜையில் ஒரு முறை தட்டியது. ரத்தம் எடுக்கும்போது ஊசியிலிருந்து பார்வையை எடுக்கக் கூடாது என்று பழகியவள் நான். அன்று எடுத்துவிட்டேன்.

பின்னால் வேப்பமரத்தடியில் இடம் இருக்கிறது, இங்கேயே புதைத்துவிடலாமா, இல்லை எடுத்துப் போகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். "இங்கனயே இருக்கட்டும்" என்றார் மாமா. தோட்டக்காரர் குழி தோண்டினார். துண்டோடு வைக்கப் போனபோது மாமா தடுத்து, துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது ரிக்‌ஷாக்காரர் எதுவும் கேட்காமல் மந்தைவெளி வழியாக வந்தார். மாமா எதிரே வருகிற கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, முகூர்த்தப் புடவை அவரிடம்தான் எடுத்தோம். இரண்டை விரித்துப் போட்டு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மாறவில்லை. மாறியிருப்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. நான் கல்யாணமாகி அடையாறு வந்த சில மாதங்களில் அவர்கள் ஊரோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு பார்க்கவில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் கடை வருவதில்லை. ரிக்‌ஷாவிலிருந்து நாங்கள் இறங்கிய அந்த நேரம்தான் வருகிறது. அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. காலை நனைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று சொம்பு நீட்டவில்லை, முடிந்ததா என்று கேட்கவில்லை. மாமாவின் கையில் இருந்த வெறும் துண்டைப் பார்த்தாள்.

"எந்த வழியாப் போனிய?" என்றாள்.

"கடற்கரை வழியா."

அத்தை தலையை ஆட்டினாள். கேட்டை விட்டு விலகி வழிவிட்டாள். அவர் தாண்டிப் போகும்போது, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் எனக்கும் கேட்டது, "நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

மாமா நின்றார். அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, துண்டை ஒரு முறை உதறி, மடியில் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்க ஆரம்பித்தார்.